உப்பிட்டவர் யார்?

சிக்கன் 65-க்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று கேட்டால் நம்மூரில் ஆளுக்கொரு பதில் வைத்திருப்பார்கள். ராணுவ கேன்டீன் மெனுவில் அது 65-வது அயிட்டம், மொழி தெரியாத சிப்பாய்கள் எண்ணைச் சொல்லிக் கேட்டார்கள் என்பார் ஒருவர். 65 நாள் வளர்ந்த கோழி என்பார் இன்னொருவர். 65 மிளகாய் போட்டது, 65 துண்டாக வெட்டியது என்றும் சொல்கிறவர்கள் உண்டு. இவற்றில் கொஞ்சமாவது நிற்கிற பதில் ஒன்றுதான்: சென்னை மவுண்ட் ரோடு புஹாரி ஓட்டலில் 1965-ல் அறிமுகமான உணவு, அந்த ஆண்டே அதற்குப் பெயரானது. ஏ.எம்.புஹாரி 1951-ல் தொடங்கிய ஓட்டல் அது. இன்றும் குடும்பத்தின் கையில் இருக்கிறது. 65-ஐத் தொடர்ந்து சிக்கன் 78, 82, 90 என்று ஆண்டுக் கணக்கிலேயே அடுத்தடுத்த உணவுகளும் வந்தன.

இத்தனை பதில்களையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். ஒன்றில் சிப்பாய் இருக்கிறார். ஒன்றில் கோழி இருக்கிறது. ஒன்றில் மிளகாய். ஒன்றில் முதலாளி. எதிலுமே அடுப்புக்கு முன்னால் நின்ற ஆள் இல்லை. எண்ணெய்ச் சட்டியில் அந்தக் கோழியை முதன்முதலாகப் போட்டு, ஜல்லிக்கரண்டியால் அள்ளி, வாயில் வைத்துப் பார்த்து, 'உப்பு சரியா இருக்கு' என்று சொன்னவர் எங்கே? 60 வருஷமாக ஒரு நாடே தின்கிற உணவுக்கு அவர் பெயர் இல்லை.

இந்தக் கட்டுரை ஒரு ஓட்டலைப் பற்றிய குற்றப்பத்திரிகை கிடையாது. என் சண்டை ஒரு எழுத்து வகையோடு. 'குடும்ப உணவகத்தின் வரலாறு' என்று வாரத்துக்கு நான்கு வருகிறதே, அதோடு. நாளிதழ் ஞாயிறு இணைப்பில் வருகிறது, யூடியூபில் வருகிறது, நாம் படிக்கிற இலக்கிய இதழ்களிலும் நல்ல தமிழில் வருகிறது. வார்ப்பு ஒன்றுதான். தாத்தா வெறுங்கையோடு ஊரை விட்டு வந்தார். ஒரு சின்ன கடை போட்டார். பாட்டியின் ரகசிய மசாலா. அப்பா விரிவாக்கினார். பேரன் எம்.பி.ஏ. படித்துவிட்டு வந்து ஆப் வழியாக விற்கிறார். மூன்று தலைமுறை, ஒரே சுவை. முடிவில் சுவரில் மாலை போட்ட தாத்தா படம்.

அந்த ஓட்டலில் 30 வருஷம் அடுப்படியில் நின்றவர் படம் எங்கே என்று நாம் கேட்பதே இல்லை. கேட்கத் தோன்றவும் இல்லை. ஏனென்றால் அவரை நாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. 'மாஸ்டர்' என்போம். டீ மாஸ்டர், பரோட்டா மாஸ்டர், பிரியாணி மாஸ்டர். மரியாதையான சொல்தான். ஆனால் அந்த மரியாதைக்குப் பின்னால் ஒரு வசதி இருக்கிறது. மாஸ்டர் என்று கூப்பிட்டுவிட்டால் பெயர் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், சுவை யார் கையில் இருக்கிறது என்பது சாப்பிடுகிற எல்லோருக்கும் தெரியும். வழக்கமாகப் போகிற கடையில் ஒரு நாள் சிக்கன் சரியில்லை என்றால் நாம் என்ன சொல்கிறோம்? 'மாஸ்டர் மாறிட்டாரு போல' என்கிறோம். தாத்தா மாறிவிட்டார் என்றோ, மூன்றாம் தலைமுறை மாறிவிட்டது என்றோ யாரும் சொல்வதில்லை. நாக்குக்குத் தெரிந்த உண்மை பேனாவுக்கு மட்டும் தெரியாமல் போகிறது. சுவை கெடும்போது மாஸ்டரைப் பிடிக்கிறோம். சுவை நிலைக்கும்போது குடும்பத்தைப் புகழ்கிறோம். இதைவிட அநியாயமான கணக்கு வேறு என்ன இருக்க முடியும்?

முதல் மறுப்பு எனக்குத் தெரியும். 'சமையல் கூட்டு வேலைங்க. ஒருத்தர் வெட்டுவார், ஒருத்தர் அரைப்பார், ஒருத்தர் பொரிப்பார். இதில் யாரைக் கண்டுபிடிப்பாளர் என்று சொல்வது?' நல்ல கேள்வி. கூட்டு வேலை என்பதை நானும் ஏற்கிறேன். அப்படியானால் முதலாளி பெயரை மட்டும் எப்படித் தனியாகச் சொல்ல முடிகிறது? கூட்டத்தில் யாரும் தனித்துத் தெரியக் கூடாது என்றால் அந்த விதி கல்லாவுக்கும் சேர்த்துத்தானே இருக்க வேண்டும்?

இரண்டாவது மறுப்பு: 'அந்தக் காலத்தில் யார் இதையெல்லாம் எழுதி வைத்தார்கள்?' ஆண்டை எழுதி வைத்தார்களே. 65, 78, 82, 90 என்று உணவின் பிறந்த வருஷத்தை மெனுவிலேயே பதித்து வைத்திருக்கிறது ஒரு ஓட்டல். தமிழ்நாட்டில் வேறு எந்தச் சமையலுக்கும் இவ்வளவு துல்லியமான பிறப்புச் சான்றிதழ் கிடையாது. தேதியைப் பதிய முடிந்த இடத்தில் பெயரையும் பதிந்திருக்க முடியும். பதிய வேண்டும் என்ற எண்ணம் அன்று அந்த ஓட்டலுக்கு மட்டும் இல்லாமல் போகவில்லை. இந்தச் சமூகத்தில் யாருக்குமே இல்லை.

சமையல்காரர் பெயர் தொலைவது இயற்கை என்று நம்புகிறவர்கள் உலகத்தின் மிகப் பிரபலமான கோழிக்கடையைப் பார்க்க வேண்டும். கே.எஃப்.சி. வாளியில் சிரிக்கிற தாடிக்காரர் ஹார்லண்ட் சாண்டர்ஸ், கென்டக்கியின் கார்பின் என்ற ஊரில் ஒரு பெட்ரோல் பங்கில் வழிப்போக்கர்களுக்குச் சமைத்துப் போட்டவர். அவரே பொரித்தார், அவரே மசாலா கலந்தார். 1952-ல் சால்ட் லேக் சிட்டி பக்கம் பீட் ஹார்மன் என்பவருடைய ஓட்டலில் அந்த முறை முதலில் விற்பனைக்குப் போனபோது ஒரு கோழிக்கு 4 சென்ட் என்று சமைத்தவருக்குப் பங்கு பேசப்பட்டது. 1964-ல் 20 லட்சம் டாலருக்கு உரிமையை விற்றார். ஆக, கைக்குப் பெயர் வைக்கலாம். கைக்குக் கணக்குப் போட்டுப் பணமும் கொடுக்கலாம். அந்தக் கை யாருடையது என்பதைப் பொறுத்தது, அவ்வளவுதான்.

அதே அமெரிக்காவில், அதே தெற்குப் பகுதியில், நாஷ்வில்லில் பிரின்ஸ் குடும்பத்தின் கோழிக்கடை இருக்கிறது. 1930-களின் கதை. தார்ன்டன் பிரின்ஸ் என்ற கறுப்பினத்தவர் ஊர் சுற்றிவிட்டு விடியற்காலையில் வீடு திரும்புகிறார். அவரோடு இருந்த பெண் ஆத்திரத்தில் கோழிப் பொரியலில் மிளகாயைக் கொட்டிப் பழி தீர்க்கப் பார்க்கிறாள். அவருக்கோ அது பிடித்துப் போகிறது. கடை பிறக்கிறது. 1980-ல் அந்தக் குடும்பத்தின் அடுத்த தலைமுறைப் பெண் ஆந்த்ரே பிரின்ஸ் ஜெஃப்ரிஸ் பொறுப்பேற்றார். 2013-ல் ஜேம்ஸ் பியர்ட் அறக்கட்டளை அந்தக் கடைக்கு அமெரிக்கச் செவ்வியல் உணவகம் என்ற விருது கொடுத்தது. 2016-ல் கே.எஃப்.சி. 'நாஷ்வில் ஹாட்' என்று நாடு முழுக்க விற்றது.

எல்லாம் சரி, மிளகாயைக் கொட்டிய பெண்ணின் பெயர்? கதையில் இல்லை. அவளுடைய கோபம் இருக்கிறது, அவளுடைய மிளகாய் இருக்கிறது, அவள் செய்த உணவு உலகம் முழுக்கப் போயிருக்கிறது. அவள் 'ஒரு பெண்'. கடையின் உரிமை கறுப்பினத்தவர் கையிலேயே இருந்தபோதும் இதுதான் நிலை என்பதைக் கவனியுங்கள். ஒடுக்கப்பட்டவர் குடும்பத்துக்குள்ளும் இன்னொருவர் பெயர் இழக்கலாம். குடும்பம் என்ற சொல் எல்லாரையும் சேர்த்துக்கொள்வதுபோல் கையை விரிக்கும், ஆனால் பட்டா ஒருவர் பெயரில்தான் இருக்கும்.

தேடினால் கிடைக்குமா என்றால், கிடைக்கும். உள்நாட்டுப் போருக்குப் பிறகு வர்ஜீனியாவின் கார்டன்ஸ்வில் ரயில் நிலையத்தில் கறுப்பினப் பெண்கள் தலையில் தட்டைச் சுமந்து ஜன்னல் வழியாகப் பொரித்த கோழி விற்றார்கள். சைக்கி வில்லியம்ஸ்-ஃபோர்சன் என்ற ஆய்வாளர் அவர்களைத் தேடிப் போய் 2006-ல் ஒரு புத்தகமே எழுதினார். கோழிக்காலை விற்றே வீடு கட்டினார்கள் என்பதுதான் அந்தப் புத்தகத் தலைப்பின் பொருள். பேட்டி, குடும்ப நினைவு, ஊர்ப் பதிவு என்று ஒவ்வொன்றாகப் புரட்டி எடுக்க வேண்டிய வேலை அது. நம்முடைய உணவு எழுத்தில் அந்த வேலை நடக்கவில்லை. நாம் முதலாளி சொன்னதை எழுதிக்கொண்டு, அவர் கொடுத்த பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டு வருகிறோம்.

நம்மூர் ஓட்டல் போர்டுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. ஒரு காலத்தில் சமைத்தவர் யார் என்பதைப் போர்டிலேயே எழுதினார்கள். 'பிராமணாள் ஓட்டல்' என்று. அதாவது சமைத்த கையின் சாதி விளம்பரமானது, பெயர் ஆகவில்லை. அந்தச் சொல்லை எதிர்த்து 1957-ல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் பெரியாரின் திராவிடர் கழகம் மாதக்கணக்கில் மறியல் செய்தது. தொண்டர்கள் நாள் தவறாமல் கைதானார்கள். ஒரு போர்டில் இருக்கிற ஒரு சொல்லுக்காகச் சிறைக்குப் போகலாம் என்று நினைத்த ஊர் இது. அப்படிப்பட்ட சென்னையில் ஒரு முஸ்லிம் தன் பெயரையே போர்டில் போட்டு, எல்லாரும் வந்து கறி சாப்பிடலாம் என்று மவுண்ட் ரோட்டில் பெரிய ஓட்டல் நடத்தியது சாதாரண விஷயம் இல்லை. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். போர்டில் இருந்து சாதி இறங்கியது. முதலாளி பெயர் ஏறியது. இன்னும் ஒரு படி பாக்கி இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

அந்தப் படியில் பாதி தூரம் போனவர்கள் மதுரைப் பக்கம் இருக்கிறார்கள். கள்ளிக்குடி அருகே வடக்கம்பட்டி என்ற ஊர். அந்த ஊர்க்காரர் ஒருவர் 1930-களில் காரைக்குடியில் ஓட்டல் தொடங்கியபோது தன் பெயரை வைக்கவில்லை. ஊர்க் காவல் தெய்வத்தின் பெயரை வைத்தார்: முனியாண்டி விலாஸ். அவரைப் பார்த்து ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக வேறு வேறு ஊர்களில் அதே பெயரில் கடை போட்டார்கள். கடையில் மேசை துடைக்கச் சேர்ந்தவர் மாஸ்டர் ஆகி, மாஸ்டர் முதலாளி ஆன கதைகள் அங்கே நிறைய. வருஷா வருஷம் எல்லாரும் ஊர் திரும்பி, ஆடும் கோழியும் வெட்டி, பிரியாணி ஆக்கி, ஊருக்கே பிரசாதமாகப் போடுகிறார்கள். தாத்தா படம் மாட்டாத வரலாறு அது. ஆனால் அங்கேயும் நாயுடுகளும் ரெட்டியார்களும் தனித்தனியாகத்தான் திருவிழா எடுக்கிறார்கள். முனியாண்டி எல்லாருக்கும் பொது, விலாஸ் அப்படி இல்லை.

இதையெல்லாம் மரக்காணத்துப் பக்கம் இருந்துகொண்டு நான் ஏன் பேசுகிறேன் என்று கேட்கலாம். ஈ.சி.ஆரில் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையில் காரில் போகிறவர்களுக்கு எங்கள் ஊர் ஜன்னலில் தெரிகிற வெள்ளைக் குவியல். ஏறக்குறைய 3,000 ஏக்கர் உப்பளம். நின்று ஒரு செல்ஃபி எடுப்பார்கள். பிறகு அடுத்த ஊரில் நிறுத்தி, ஏதோ ஒரு 'குடும்ப உணவகத்தில்' சிக்கன் 65 சாப்பிடுவார்கள். நான் பேச வந்தது அந்தத் தட்டில் இருக்கிற உப்பைப் பற்றி.

பொரித்த கோழியின் பாக்கி எல்லாவற்றுக்கும் இன்று ஒரு கதை கிடைக்கிறது. மிளகாய் குண்டூர், மஞ்சள் ஈரோடு, கறிவேப்பிலை தோட்டத்தில் பறித்தது. மெனுவில் எழுதிப் பெருமைப்படுகிறார்கள். உப்புக்கு மட்டும் ஊர் கிடையாது. உப்பு என்றால் உப்பு.

அது எப்படி உப்பாகிறது? மழை விட்டதும் பாத்தியை மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்துவார்கள். மனிதக் காலால். கழியின் தண்ணீரையும் நிலத்தடி உப்புத் தண்ணீரையும் பாத்தி பாத்தியாக மாற்றிக் காய வைப்பார்கள். கடல் தண்ணீர் போமே அளவையில் 3 டிகிரிக்குச் சற்று மேல் இருக்கும். 25 டிகிரி தொடும்போதுதான் உப்பு படியத் தொடங்கும். அதற்கு வெயில் வேண்டும். நீங்கள் ஏ.சி. போடுகிற வெயில்தான் எங்கள் ஆட்களுக்கு விளைச்சல். நீண்ட பிடி போட்ட மரப்பலகையால் வாரி வரப்பில் குவிப்பார்கள். பெண்கள் கூடையில் சுமந்து மேட்டில் கொட்டுவார்கள். கோடையில் எதிர்பாராமல் ஒரு மழை பெய்தால் பாத்தியில் இருந்தது கரைந்து போகும். ஐப்பசி, கார்த்திகையில் வேலையே கிடையாது. அந்த மாதங்களுக்காக உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்குத் தமிழக அரசு 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் கொடுக்கிறது. ஒரு குடும்பம், மூன்று மாதம், 5,000 ரூபாய்.

இங்கே விளைகிற உப்பு சமையலுக்கும் கருவாட்டுக்கும் தோல் பதனிடவும் போகிறது. லாரி கிளம்பும்வரை அது மரக்காணத்து உப்பு. பாக்கெட்டில் ஏறிய பிறகு கம்பெனி உப்பு. அரசாங்கமே விற்றபோதும் பெயர் வைத்த விதத்தைப் பாருங்கள். ராமநாதபுரம் வாலிநோக்கத்தில் அரசு நிறுவனம் விளைவித்த உப்புக்கு 2014-ல் 'அம்மா உப்பு' என்று ஒரு தலைவியின் பெயர். 2022-ல் 'நெய்தல் உப்பு' என்று ஒரு திணையின் பெயர். தலைவிக்கும் திணைக்கும் நடுவே பாத்தியை மிதித்த காலுக்கு ஒரு எழுத்துகூட இல்லை.

எங்கள் ஊர் வழியாகப் போகிற கால்வாய்க்கும் இதே கதை. ஆந்திரத்தில் தொடங்கி மரக்காணத்தில் முடிகிற பக்கிங்ஹாம் கால்வாயில்தான் ஒரு காலத்தில் உப்பும் விறகும் படகேறிச் சென்னைக்குப் போயின. 1877-78 பஞ்சத்தில் அடையாற்றுக்கும் கூவத்துக்கும் நடுவில் அதன் ஒரு பகுதியைத் தோண்டியவர்கள் பட்டினியில் இருந்த ஜனங்கள், நிவாரண வேலையாக. கால்வாய்க்கு வைத்த பெயர் அப்போதைய கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவுடையது. பசித்தவர் தோண்டினார், பிரபு பெயர் வாங்கினார்.

இதற்கு இலக்கியத்தில் பதில் தேடுகிறவர்களுக்கு எங்கள் கடற்கரையிலேயே ஒன்று இருக்கிறது. மரக்காணத்துக்குச் சற்று வடக்கே இருக்கிற இடைக்கழிநாட்டின் நல்லூர் நத்தத்தனார் பாடியது சிறுபாணாற்றுப்படை. அதில் வருகிற எயிற்பட்டினத்தை மரக்காணம் என்று அறிஞர்கள் அடையாளம் சொல்கிறார்கள். ஆற்றுப்படை என்பது என்ன? எந்த வழியாகப் போனால் எந்த ஊரில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்று பசித்தவனுக்குப் பசியாறியவன் சொல்வது. அந்தக் காலத்து ஃபுட் வ்லாக் என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஆனால் இன்றைய வ்லாக்கைவிட நேர்மையானது. எயிற்பட்டினத்தில் நுளைச்சி வடித்த கள், வேலூரில் எயிற்றியர் சமைத்த புளிச்சோறு, ஆமூரில் உழவர் வீட்டுச் சோறும் நண்டும் என்று எந்தக் கை எதைக் கொடுத்தது என்று சொல்லிக்கொண்டே போகிறது. ஆட்களின் பெயர் இல்லைதான். புரவலன் நல்லியக்கோடனுக்குப் பெயர் உண்டு. ஆனாலும் கை மறையவில்லை.

அதே பாட்டில்தான் கிணைமகள் ஒருத்தி குப்பையில் முளைத்த கீரையைப் பறித்து, உப்புக்கு வழியில்லாமல் வெறுமனே வேகவைத்து, பிறர் பார்த்துவிடுவார்களே என்று கதவை அடைத்துக்கொண்டு சுற்றத்தோடு சாப்பிடுகிறாள். உப்பில்லாத வறுமையைப் பாடிய கவிஞர் உப்பு விளைகிற கரைக்காரர். உப்பின் விலை தெரிந்தவரால்தான் அதை எழுத முடியும். ஒரு சிட்டிகை உப்பு யார் வீட்டில் இல்லை என்பதுகூட வரலாறுதான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்று சொல்லிச் சொல்லியே வளர்த்தார்கள் நம்மை. இந்தப் பழமொழியை யார் யாரிடம் சொல்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? முதலாளி தொழிலாளியிடம் சொல்வார். சம்பளம் கூட்டிக் கேட்டால் சொல்வார். வேறு கடைக்குப் போகிறேன் என்றால் கட்டாயம் சொல்வார். 'என் உப்பைத் தின்னுட்டு...' என்று தொடங்கும். பழமொழியைச் சொல்லுக்குச் சொல் படியுங்கள். உப்பு வாங்கிக் கொடுத்தவரை நினை என்று அது சொல்லவில்லை. உப்பு இட்டவரை. இட்டவர் சமைத்தவர். அவருக்கு முன்னால் அதை விளைவித்தவர். நன்றிக்கடன் யார் யாருக்குப் பட்டிருக்கிறார்கள் என்ற கணக்கையே தலைகீழாக எழுதி வைத்திருக்கிறோம். முதலாளிதான் மாஸ்டரின் உப்பைத் தின்கிறார். நாம் எல்லாருமே உப்பளத்து உப்பைத் தின்கிறோம்.

'பெயர் போட்டா வயிறு நிறையுமா, கூலியைப் பேசுங்க' என்று ஒரு தோழர் கேட்பார். கூலியைத்தான் பேசுகிறேன். சாண்டர்ஸுக்குக் கோழிக்கு 4 சென்ட் கிடைத்தது, அந்தச் சமையல் அவருடையது என்று எல்லாரும் ஒப்புக்கொண்டதால். ஒரு வேலையைச் செய்தவர் யார் என்றே தெரியாத இடத்தில் கூலிக்குப் பேரம் எப்படிப் பேச முடியும்? கடையில் வேலை செய்கிறவர் உட்கார ஓர் இருக்கை வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வருவதற்கே 2021 ஆனது. அதுவரை அவர்கள் நின்றுகொண்டிருந்தது நம் கண்ணில் படவில்லை. கண்ணில் படாதவருக்குச் சட்டம் தாமதமாகத்தான் வரும்.

எனவே எழுதுகிறவர்களிடம், எழுத நினைக்கிற தம்பி தங்கைகளிடம் நான் கேட்பது சின்ன விஷயம். அடுத்த முறை ஒரு குடும்ப உணவகத்தைப் பற்றி எழுதப் போனால் கல்லாவில் பேட்டி முடிந்ததும் கிளம்பிவிடாதீர்கள். அடுப்படிக்குள் போங்கள். மாஸ்டரிடம் பெயர் கேளுங்கள், எந்த ஊர் என்று கேளுங்கள், யாரிடம் தொழில் கற்றார் என்று கேளுங்கள். அவர் சம்மதித்தால் அதை எழுதுங்கள். குடும்பத்துப் பாட்டியின் மசாலா என்றால் பாட்டிக்கும் ஒரு பெயர் உண்டு, அதையும் எழுதுங்கள். பாத்திரம் கழுவுகிறவர் ஒடிசாவில் இருந்தோ அசாமில் இருந்தோ வந்திருந்தால் அவரும் அந்த வரலாற்றில் ஒரு தலைமுறைதான். கோழி பல்லடத்துப் பக்கத்துப் பண்ணையில் ஒப்பந்தத்துக்கு வளர்ந்தது என்றால் வளர்த்தவருக்குக் கிலோவுக்கு என்ன கிடைத்தது என்று கேளுங்கள். உப்பு எந்த அளத்தில் விளைந்தது என்று கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். சிரிக்கட்டும். கேளுங்கள்.

இப்படி எழுதினால் கட்டுரை அழகாக இருக்காது, தாத்தா கதையின் கண்ணீர் வராது என்று பயப்பட வேண்டாம். இன்று ஒரு சாயங்காலத்தில் தமிழ்நாடு முழுக்கத் தள்ளுவண்டியில் சிக்கன் பொரிக்கிறவர்கள் எத்தனை பேர்! அவர்களும் குடும்பமாகத்தான் கடை நடத்துகிறார்கள். கணவர் பொரிக்கிறார், மனைவி வெங்காயம் நறுக்குகிறார், பிள்ளை பேப்பர் தட்டை எடுத்துக் கொடுத்துக்கொண்டே வீட்டுப்பாடம் எழுதுகிறது. அங்கே முதலாளியும் மாஸ்டரும் ஒரே ஆள். 60 வருஷம் கழித்து அந்தப் பிள்ளையின் கடையைப் பற்றி ஒருவர் வரலாறு எழுத வருவார். அப்போது வெங்காயம் நறுக்கிய கை 'ஒரு பெண்' என்று ஆகிவிடக் கூடாது. அதற்கான குறிப்பை இன்றைக்கே எழுதத் தொடங்க வேண்டும்.